கட்டிலை எண்ணுகிறார்கள், மேசையை யார் எண்ணுவது?

மூணடி நீளம், ரெண்டடி அகலம். விஷயம் அவ்வளவுதான். அந்த அளவில் ஒரு பலகை, அதற்கு அடியில் மடங்கும் கால்கள், வேலை முடிந்ததும் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் ஒரு மேசை. இதை எதில் செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள், மூன்று வகை ஆட்கள் பதில் சொல்வார்கள். ஊரிலிருக்கும் பெரியப்பா, "தேக்குல போட்ரா, காலத்துக்கும் நிக்கும்" என்பார். ஆன்லைன் கடை 'இன்ஜினியர்டு வுட்' என்று எழுதி, வெள்ளைச் சுவர், ஒரு பூந்தொட்டி, காபி கோப்பையோடு ஒரு படம் காட்டும். ரீல்ஸ் போடுகிறவர், "ப்ரோ, ஓசியில கிடைக்கிற பேலட் மரமே போதும்" என்று பின்னணி இசையோடு ஒரே நிமிடத்தில் செய்து முடித்துவிடுவார்.

மூன்று பேர் சொல்வதும் தப்பு என்பது என் கட்சி. அதுவும் ஒரே காரணத்தால் தப்பு. அந்த மேசை எந்த அறைக்குள் போகப் போகிறது என்று மூவரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அறை

நான் சொல்லும் அறை ஒரகடத்தில், வல்லக்கோட்டைக்குப் போகிற பக்கத்தில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்றாவது மாடி. அஞ்சு பேர். மூணு பேர் பகல் ஷிப்ட், ரெண்டு பேர் இரவு ஷிப்ட் என்பதால் ஒருத்தர் எழுந்த பாயில் இன்னொருத்தர் படுக்கலாம். வீட்டு ஓனர் அட்வான்ஸ் வாங்கும்போதே சொன்ன முதல் நிபந்தனை: "செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது தம்பி." சுவரில் பொருத்தி மடக்கும் மேசை என்று யூடியூபில் வரும் அத்தனை திட்டங்களும் அந்த ஒரு வாக்கியத்தில் செத்துப் போயின.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் வரைக்கும் இப்படி ஆயிரக்கணக்கான அறைகள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடிக்கொண்டு போனது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-இல் டைம்லர் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. கம்பெனிகள் வந்த தேதி எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பெனிகளுக்குள் நிற்கிற பையன்களும் பெண்களும் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, தர்மபுரி, ராமநாதபுரம், ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தோ வந்து, எட்டு மணி நேரம் நின்ற காலோடு திரும்பி வந்து எங்கே உட்கார்கிறார்கள் என்பதற்குத் தேதி கிடையாது.

2021 டிசம்பரில் ஒரு விடை வந்தது. விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் பலர் உடல்நிலை பாதிக்கப்பட்டார்கள். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரியில் போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் நெரிசலான அறைகள், தரையில் படுத்தது எல்லாம் உலகத்துக்குச் செய்தி ஆனது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெரிய குடியிருப்பைத் திறந்தார்கள். 706.50 கோடி ரூபாய். 18,720 படுக்கைகள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. தரையில் படுத்தவர்களுக்குக் கட்டில் பெரிய விஷயம். ஆனால் அந்தத் தலைப்புச் செய்தியின் அலகைக் கவனியுங்கள்: படுக்கை. தொழிலாளிக்கான இடத்தை அளக்க நம்மிடம் இருக்கிற ஒரே அளவுகோல் அதுதான். ஷிப்ட் முடிந்தால் தூங்குவாள், தூங்கி எழுந்தால் ஷிப்டுக்குப் போவாள். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்ணுக்கு வேறு ஏதாவது செய்ய இருக்கும் என்று அந்த அளவுகோலுக்குத் தெரியாது.

எங்கள் அறையில் ஒருத்தன் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் டிப்ளமோ முடித்தவன், பகுதிநேர பி.இ. சேரும் நினைப்பில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான். நான் இப்போது நீங்கள் படிப்பது போன்றவற்றை எழுத ஆரம்பித்திருந்தேன். மூன்று பேரும் பயிற்சியாளர்கள். காண்ட்ராக்ட் தேதி முடிந்ததும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள். கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு கையில் மிஞ்சப்போவது ராத்திரியில் படித்தது மட்டும்தான். அதனால்தான் இந்த மூணடிப் பலகை எனக்கு அலங்காரப் பொருளாகத் தெரியவில்லை.

"தரையில உக்காந்து படிச்சவன்தான் கலெக்டர் ஆனான்"

இதைச் சொல்லாத ஆள் இல்லை. தெருவிளக்கில் படித்த கதை, தரையில் படித்த கதை, பசியோடு படித்த கதை. கேட்கக் கேட்க, கஷ்டம்தான் படிப்புக்கு உரம் என்று நம்மையே நம்ப வைத்துவிடும். இந்தக் கதையைச் சொல்கிறவர் பெரும்பாலும் மேசைமேல் கை ஊன்றிக்கொண்டுதான் சொல்கிறார்.

தரையில் உட்காருவதை நான் கேவலமாகப் பேசவில்லை. நம் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை தரையில்தான் உட்கார்ந்தார். ஆனால் அவர் முன்னால் ஒரு சாய்மேசை இருந்தது. அவர் மடியில் வைத்துப் பேரேடு எழுதவில்லை. உட்கார்வது எங்கே என்பது பழக்கம். எழுதுவதற்கு விறைப்பான ஒரு தளம் வேண்டும் என்பது உடம்பின் கணக்கு. அதைத்தான் நாம் பத்தாம் வகுப்பிலேயே தெரிந்து வைத்திருந்தோம். பரீட்சை அட்டை ஞாபகம் இருக்கிறதா? பழுப்பு நிற ஹார்டுபோர்டு, மேலே கிளிப். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சொந்தமாக வைத்திருந்த முதல் மேசைப் பலகை அது. என் சித்தி மகள் இன்றைக்கும் சுங்குவார்சத்திரம் விடுதியில், இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தளத்தில், அதே அட்டையை மடியில் வைத்துத்தான் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் 2011-இலிருந்து லேப்டாப் கொடுத்தது. அது உண்மையான உதவி. அந்த லேப்டாப்பை வைக்க ஒரு பலகை வேண்டும் என்று எந்தத் திட்டமும் சொல்லவில்லை. பெயரே 'மடிக்கணினி', மடியில் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள் போல.

புளித்த மாவு மாதிரி

சரி, வாங்கலாமே என்றுதான் முதலில் நாங்களும் நினைத்தோம். மடக்கு மேசை, ஆன்லைன், தீபாவளித் தள்ளுபடி. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே சாமான்தான். பெட்டியில் 'இன்ஜினியர்டு வுட்' என்று அச்சடித்திருந்தது. கேட்க பெரிய படிப்பு படித்த மரம் மாதிரி இருக்கிறது. இந்தப் பெயருக்குள் பிளைவுட்டும் வரும், எம்.டி.எஃப்.பும் வரும், பார்ட்டிகிள் போர்டும் வரும். எங்களுக்கு வந்தது மூன்றாவது. மரச் சில்லுகளைப் பசையில் பிசைந்து அழுத்தி, மேலே மர வரிகள் அச்சிட்ட ஒரு தாளை ஒட்டியது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். இரண்டு நாள் மழை, மின்சாரம் இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் இணைப்பு வழியாகத் தண்ணீர் ஒழுகி மேசையின் ஒரு மூலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் பாத்திரம் வைத்துப் பிடித்தோம், பிடித்தது போதவில்லை. மூன்றாம் நாள் அந்த மூலை புளித்த இட்லி மாவு மாதிரி உப்பியிருந்தது. காய்ந்த பிறகு பழைய கனத்துக்குத் திரும்பும் என்று காத்திருந்தோம். திரும்பாது. சில்லுகளைப் பிடித்திருந்த பசை ஒருமுறை விட்டால் விட்டதுதான். ஒரு வாரம் கழித்து கீலின் ஸ்க்ரூக்கள் பொடியோடு கழன்று வந்தன. கால் மடங்கி, குரூப் 4 நண்பனின் லேப்டாப் தரையில் விழுந்தது. திரையில் குறுக்கே ஒரு கோடு, இன்றைக்கும் இருக்கிறது.

இது எங்கள் துரதிர்ஷ்டம் இல்லை, அந்தப் பொருளின் இயல்பு. மடக்கு மேசையில் பலகைக்கு விழும் அடியெல்லாம் கீல் இருக்கும் இடத்தில் விழும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மூடும்போதும் ஸ்க்ரூ இழுபடும். பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் ஸ்க்ரூவைப் பிடித்து வைத்திருப்பதில் பலவீனமானவை, அதிலும் விளிம்பில் மிகப் பலவீனம். ஒரே இடத்தில் நிற்கும் அலமாரிக்கு அது போதும். தினம் நாலு தடவை மடங்கும் பொருளுக்கு அதைப் போடுவது, விற்ற அன்றைக்கே அடுத்த மேசைக்கும் ஆர்டர் வாங்கிக்கொள்வது மாதிரி.

இன்னொன்று, பெட்டியைப் பிரித்த அன்று கண்ணெரியும் ஒரு வாடை வந்தது. "புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டோம். யூரியா ஃபார்மால்டிஹைடு பசையிலிருந்து வரும் வாடை அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் 2004-இல் சேர்த்தது. குறைவாக வெளிவிடும் பலகைகளும் சந்தையில் உண்டு, 'இ1' என்று குறித்திருப்பார்கள். ஒரு மேசை வாங்கினால் செத்துப்போவோம் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் காற்றோட்டமான மூன்று படுக்கையறை வீட்டில் அந்தப் பலகை இருப்பதும், ஒரே ஜன்னல் உள்ள பத்துக்குப் பன்னிரண்டில் அஞ்சு பேர் மூச்சு விடும் இடத்தில் அது இருப்பதும் ஒன்றா? விலை குறைந்த பலகை எப்போதும் சின்ன அறைக்குத்தான் போகிறது.

ஓசி மரம் என்று ஒன்று கிடையாது

இனி ரீல்ஸ்காரர். நம் வயது ஆட்களிடம் அதிகம் எடுபடுவது இவர் பேச்சுதான். கழிவை அழகாக்குகிறோம், பூமியைக் காப்பாற்றுகிறோம், காசும் மிச்சம். இந்தத் தொழிற்பேட்டைக்கு இறக்குமதி இயந்திரங்களும் பாகங்களும் பைன் மரப் பெட்டிகளில்தான் வந்து இறங்குகின்றன. ஆகவே பேலட் இங்கே மலைபோல் குவிந்திருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

போய்ப் பாருங்கள். கேட்டுக்கு வெளியே ஒரு ஆணி கூடச் சும்மா வராது. ஸ்கிராப் எடுக்கும் ஒப்பந்தம் இந்தப் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட அதிகாரம் என்பது ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த உரிமைக்காக வெட்டுக்குத்து நடந்து, கொலை வரைக்கும் போன செய்திகள் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன. கம்பெனியிலிருந்து ஒப்பந்தக்காரர், அவரிடமிருந்து குடோன், குடோனிலிருந்து மரக்கடை என்று கை மாறி நம்மிடம் வரும்போது அது 'ஓசி' என்ற பெயரை எப்போதோ தொலைத்திருக்கும். அதற்கு மேல் ஆணி பிடுங்குகிறவர் கூலி, இழைப்புக் கூலி. ரீல்ஸில் இந்த இரண்டும் வேகமாக ஓட்டிவிடப்படும்.

நானும் ஒன்று வாங்கினேன், மறைப்பானேன். பைன் மோசமான மரமில்லை. லேசு, இழைத்தால் முகம் நன்றாக வரும். பிரச்சினை வேறு இடத்தில். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளுக்கு ஒரு சர்வதேச விதி உண்டு. மரத்தோடு பூச்சி பரவாமலிருக்க, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்க வேண்டும், அல்லது மெத்தில் புரோமைடு என்னும் விஷ வாயுவில் புகைபோட வேண்டும். கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னம், பக்கத்தில் நாட்டின் குறியீடு, கீழே 'எச்.டி.' என்றால் சூடாக்கியது, 'எம்.பி.' என்றால் புகைபோட்டது. எம்.பி. முத்திரை உள்ளதைத் தொடாதீர்கள். வாயு ஆவியாகிப் போயிருக்கும் என்பார்கள், போயிருக்கலாம். சோத்துத் தட்டு வைக்கிற பலகையில் நமக்கு எதற்கு அந்த வம்பு. முத்திரையே இல்லாத உள்ளூர்ப் பேலட் என்றால், அது தைலமரமா ரப்பர் மரமா, பூச்சி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

எச்.டி. முத்திரை இருந்தால் எல்லாம் சரியா? அதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. அந்தச் சூடு பூச்சியைக் கொல்லத்தான், மரத்தை உலர்த்த இல்லை. பிறகு திறந்த குடோனில் மழையில் கிடந்த பலகை அது. நான் மார்கழியில் நாலு பட்டைகளை நெருக்கி ஒட்டிப் பலகை செய்தேன். சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, பட்டைகளுக்கு நடுவே பேனா முனை இறங்கும் அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டது. ஒரு பட்டையின் அடியில் கரும்பச்சையாய் ஒரு கறை. இயந்திரத்துக்கு ஊற்றும் கூலன்ட் எண்ணெய். எத்தனை தடவை இழைத்தாலும் வாசனை போகவில்லை. எட்டு மணி நேரம் உள்ளே முகர்ந்த அதே வாசனையை, படிக்க உட்காரும்போதும் முகர வேண்டும்.

கழிவிலிருந்து பொருள் செய்வதை நான் எதிர்க்கவில்லை. இழைப்புளியும் இடமும் நேரமும் உள்ளவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதை ஏழைக்கான தீர்வாக விற்காதீர்கள். அது நேரம் உள்ளவரின் பொழுதுபோக்கு. பன்னிரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டு வருபவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது. அன்றைக்குத் துணி துவைக்க வேண்டும்.

எடையைக் கேளுங்கள்

பெரியப்பாவின் தேக்குக்கு வருவோம். நல்ல மரம், தெரியும். கரையானுக்கு அசையாது, தண்ணீருக்கு அவ்வளவாகப் பயப்படாது. ஆனால் 'காலத்துக்கும் நிக்கும்' என்ற பேச்சு, காலத்துக்கும் ஒரே வீட்டில் இருப்பவர்களின் பேச்சு. நான் நாலு வருடத்தில் ஆறு அறை மாறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மேசை மாடிப்படி இறங்கும், ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் குறுக்கே நிற்கும், மறுபடி மாடி ஏறும். எங்களைப் போன்றவர்களுக்கு பலகையைப் பற்றிய முதல் கேள்வி, எத்தனை வருடம் நிற்கும் என்பது இல்லை. எத்தனை கிலோ?

மூணடிக்கு ரெண்டடி என்ற அளவுக்கே கணக்குப் போட்டேன். மரத்துக்கு மரம் கொஞ்சம் மாறும், சுமாராகச் சொல்கிறேன். ஒரு அங்குலத் தேக்குப் பலகை 9 கிலோ. 18 மி.மீ. எம்.டி.எஃப். ஏழரை கிலோ, பார்ட்டிகிள் போர்டு ஏழை ஒட்டி. 18 மி.மீ. பைன் 5 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. 18 மி.மீ. பிளைவுட் 6 கிலோ, 12 மி.மீ. பிளைவுட் 4 கிலோ. கண்ணாடி அழகு என்பவர்களுக்கு: 8 மி.மீ. கண்ணாடி 11 கிலோ. கண்ணாடி தயாரிக்கும் பெரிய ஆலை ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது என்பதற்காக அதை மடக்கித் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. சமையல் மேடையில் மிஞ்சிய கிரானைட் துண்டைப் போடச் சொன்ன புண்ணியவானும் உண்டு. அது 27 கிலோ. இதெல்லாம் பலகை மட்டும், கால் தனி.

மல்டிவுட் என்று கடையில் கேட்டால் வருகிற பி.வி.சி. நுரைப் பலகை தண்ணீருக்கும் கரையானுக்கும் அசையாது, உண்மை. ஆனால் நீளவாக்கில் பாரம் வைத்தே இருந்தால் வெயில் காலத்தில் மெல்ல மெல்லத் தொய்யும், சூடான குக்கரை வைத்தால் வட்டம் விழும். விளம்பரப் பலகைக்குப் போடும் அலுமினியத் தகடு ஒட்டிய ஷீட் லேசுதான், ஸ்க்ரூ நிற்காது, முட்டினால் பள்ளம். மண்டபங்களில் இப்போது வரும் வெள்ளை பிளாஸ்டிக் மடக்கு மேசையை நான் குறை சொல்லமாட்டேன், மழைக்கு அதுதான் ராஜா. பெரும்பாலும் நாலடி, ஆறடி. எங்கள் அறைக்குள் அதை விரித்தால் அஞ்சாவது ஆள் வெளியே நிற்க வேண்டும்.

கல்யாணப் பந்தியிடம் கற்றுக்கொண்டது

விடை எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் கிடைத்தது. வாலாஜாபாத் பக்கம் நண்பனின் அக்கா கல்யாணம். பந்தி மேசையை எல்லோரும் பார்த்திருக்கிறோம், யாரும் பார்த்ததில்லை. மேலே பேப்பர் ரோல், அதன்மேல் இலை. அன்றைக்கு நான் அந்தப் பேப்பரைத் தூக்கிப் பார்த்தேன். மெல்லிய பிளைவுட். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்திலேயே கோர்த்த மடக்குக் கால்கள். மாசத்துக்கு எத்தனை முகூர்த்தம், எத்தனை பந்தி, எத்தனை வாளி சாம்பார், எத்தனை தடவை விசிறி அடுக்கப்படும்! இந்த நாட்டில் மிக அதிகமாக அடி வாங்கும் மேசை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதைச் செய்தவர் பலகையைத் தடிமனாக்கவில்லை. மெல்லிய பலகைக்கு அடியில் விறைப்பான எலும்பைக் கொடுத்திருந்தார்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியாக ஏறும். 12 மி.மீ.-ஐ 18 மி.மீ. ஆக்கினால் தடிமன் ஒன்றரை மடங்கு, விறைப்பு மூன்று மடங்குக்கு மேல். கேட்க லாபமாக இருக்கும். ஆனால் அதற்கு நீங்கள் முழுப் பலகைக்கும் எடை கொடுக்கிறீர்கள். 12 மி.மீ. பலகையின் அடியில் ஒன்றரை அங்குல உயரத்தில் இரண்டு மரச்சட்டங்களை நிறுத்தி ஒட்டினால், கொஞ்ச எடையில் அதைவிட அதிக விறைப்பு கிடைக்கும். கால்கள் அந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவில் மடங்கிப் படுத்துக்கொள்ளும்.

ஆகவே என் கட்சி: 12 மி.மீ. பிளைவுட். அதிலும் எந்தப் பிளைவுட் என்பதில்தான் கடைக்காரர் நம்மை ஏமாற்றுவார். "கமர்ஷியல் பிளை குடுக்கட்டுமா?" என்பார். அது எம்.ஆர். ரகம், ஈரப்பதத்தைச் சமாளிக்கும், ஒழுகும் கூரையைச் சமாளிக்காது. கேட்க வேண்டியது பி.டபிள்யூ.ஆர். ரகம், முத்திரையில் ஐ.எஸ். 303 என்று இருக்கும். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை இன்னும் மேல், விலையும் மேல். எங்கள் கூரைக்குக்கூட பி.டபிள்யூ.ஆர். போதும், விளிம்பை மூடினால். பிளைவுட்டுக்குள் தண்ணீர் புகும் வாசல் விளிம்புதான். நாலு விளிம்பிலும் ஃபெவிகால் தடவி, காய்ந்ததும் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ். மேலே மைக்கா ஒட்டினால் அடியிலும் ஏதாவது ஒரு மலிவுத் தாளாவது ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய மெல்லிய பலகை கொஞ்ச நாளில் அப்பளம் மாதிரி வளையும். கீலுக்கு ஸ்க்ரூ வேண்டாம், 12 மி.மீ.-இல் அது எவ்வளவு தூரம் இறங்கும்? துளை போட்டு, போல்ட் விட்டு, அடியில் வாஷரும் நட்டும். மேலே தெரியும் போல்ட் தலை அசிங்கம் என்றால், கழன்று விழுந்த லேப்டாப் அதைவிட அசிங்கம்.

"ஒரு மேசைக்கு முழு ஷீட்டா வாங்க முடியும்?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விதான் எங்கள் அறையை மாற்றியது. பிளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி. படப்பைக் கடையில், பில் போடும் தாளின் பின்பக்கம் கார்பெண்டர் அண்ணன் கோடு போட்டுக் காட்டினார். முதல் ஆறடி நீளத்தில் நாலு துண்டு. மிச்சமிருக்கும் ரெண்டடிப் பட்டையைக் குறுக்கே திருப்பினால் அஞ்சாவது துண்டு. மிஞ்சுவது ரெண்டடிக்கு ஒரு அடி மட்டும்.

"அஞ்சு பேர் தானே தம்பி? அஞ்சு பேருக்கும் ஆச்சு. ரம்பம் திங்கறது மட்டும் நூலளவு குறையும்."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார், "ஆனா அந்தக் குறுக்குத் துண்டுல வரி அகலவாட்டுல ஓடுது. அது மட்டும் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். அதுக்கு இன்னொரு சட்டம் சேத்துப் போட்டுடறேன்."

அந்த அஞ்சாவது பலகை யாருக்கு என்று அறையில் சீட்டுக் குலுக்கினோம். எனக்குத்தான் வந்தது. இந்தக் கட்டுரையை எழுதுவது அதன்மேல் வைத்துத்தான். மூன்று சட்டம் போட்டதால் மற்ற நாலை விட அதுதான் இப்போது விறைப்பு. கொஞ்சம் எடை கூட, அவ்வளவுதான்.

அஞ்சு மேசையையும் ஒரே நேரத்தில் விரிக்க எங்கள் அறையில் இடம் கிடையாது. விரிக்க வேண்டியதும் இல்லை. ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஒரு சமயத்தில் இரண்டுதான் நிற்கும், மற்ற மூன்றும் கதவுக்குப் பின்னால், புத்தகம் அடுக்கிய மாதிரி.

கேட்க வேண்டியவர்களிடம்

இதோடு நிறுத்தினால் இது 'நாமே செய்துகொள்ளலாம்' வகைக் கட்டுரை ஆகிவிடும். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாங்கள் செய்துகொண்டோம் என்பது, செய்து தர வேண்டியவர்கள் தரவில்லை என்பதன் மறுபக்கம். விடுதியிலிருக்கும் என் சித்தி மகளுக்கு பிளைவுட் கடைக்குப் போக ஞாயிறு மாலை ரெண்டு மணி நேர அனுமதிதான். ரம்பம், ஆணி எதையும் அவள் கேட்டுக்கு உள்ளே கொண்டுபோக முடியாது. நான் ஒரு மேசை செய்து எடுத்துக்கொண்டு போனேன். "பர்னிச்சர் அலவுட் இல்ல சார்" என்று வார்டன் திருப்பி அனுப்பிவிட்டார். அவளிடம் இன்னும் பரீட்சை அட்டைதான் இருக்கிறது.

ஆயிரக்கணக்கில் கட்டில் வாங்கும் நிர்வாகத்துக்கு, கட்டில் விளிம்பிலிருந்து மடங்கி இறங்கும் ஒரு பலகையைச் சேர்த்து ஆர்டர் கொடுப்பது பெரிய காரியமில்லை. ஒரு ஷீட்டுக்கு அஞ்சு. கணக்கு எங்களிடம் இருக்கிறது, தாளின் பின்பக்கம். அடுத்த தடவை புதுக் குடியிருப்பு திறக்கும்போது, எத்தனை படுக்கை என்று செய்தி வாசிப்பவர் சொல்லி முடித்ததும், எத்தனை மேசை என்று நீங்கள் கேளுங்கள். எதில் செய்தது என்றும் கேளுங்கள். 'இன்ஜினியர்டு வுட்' என்று பதில் வந்தால், விடாமல், எந்த ரகம், விளிம்பை மூடியிருக்கிறதா, ஸ்க்ரூவா போல்ட்டா என்று கேளுங்கள்.

குரூப் 4 நண்பன் இந்த வருடமும் எழுதுகிறான். லேப்டாப் திரையில் அந்தக் கோடு இருக்கிறது. பலகை அசையவில்லை.